சூரிய கிரகணத்தை வகையறிந்து பார்ப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை மணியளவில் கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் வட்டாரங்களுக்கு மேலே சூரியன் ஏறத்தாழ 3 நிமிடம் நெருப்பு வளையமாக நின்றது. அதே நேரத்தில் சென்னை வாசிகளுக்குத் தெரிந்தது பெரும்பகுதி மறைந்து பிறையாகிவிட்ட சூரியன் மட்டுமே. நிகழ்ந்தது ஒரே கிரகணம். ஆனால் ஓர் ஊருக்கு அது வளைய கிரகணம், மற்றோர் ஊருக்குப் பகுதி கிரகணம். ஆகவே கிரகணம் பார்க்கத் திட்டமிடுபவர் முதலில் கேட்க வேண்டியது, "நான் நிற்கப்போகும் இடத்தில் அது எந்த வகையாகத் தெரியும்?" என்பதையே. எதைக் கவனிப்பது, எவ்வளவு தூரம் பயணம் செய்வது, கண்ணாடியைக் கழற்றலாமா கூடாதா என்பன எல்லாம் இந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தவை.

வகைகள் எப்படி உண்டாகின்றன

சூரியனின் விட்டம் சுமார் 13,92,000 கிலோமீட்டர், நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். சூரியன் நிலவைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது. நம்மிடமிருந்து ஏறக்குறைய அதே 400 மடங்கு தொலைவில் இருப்பதால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தோன்றுகின்றன. நிலவின் பாதை சரியான வட்டமாக இல்லாததால், அது சில வேளைகளில் சுமார் 3,57,000 கிலோமீட்டர் வரை நெருங்கி வருகிறது; சில வேளைகளில் 4,06,000 கிலோமீட்டர் வரை விலகிச் செல்கிறது. நெருங்கியிருக்கும்போது மறைத்தால் சூரியன் முழுவதும் மூடப்பட்டு முழு கிரகணம் ஆகும். விலகியிருக்கும்போது மறைத்தால் நிலவின் உருவம் போதாமல் சுற்றிலும் ஒளி விளிம்பு எஞ்சும்; இதுவே வளைய கிரகணம், பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் கங்கண கிரகணம் என்பது. நிலவின் கருநிழல் (சூரியன் முழுவதும் மறையும் நடுநிழல்) நம் ஊரைத் தொடாமல் புறநிழல் (சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறையும் வெளிநிழல்) மட்டும் விழுந்தால் பகுதி கிரகணம். பூமி உருண்டையாக இருப்பதால், ஒரே கிரகணப் பாதையின் (நிலவின் நிழலின் நடுப்பகுதி பூமியில் ஓடும் தடத்தின்) இரு முனைகளில் வளையமாகவும் நடுப்பகுதியில் முழுமையாகவும் தெரிவது உண்டு. அதைக் கலப்பு கிரகணம் என்கிறோம்.

நீண்ட காலக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 35 பகுதி கிரகணமாகவும், 33 வளையமாகவும், 27 முழு கிரகணமாகவும், 5 கலப்பாகவும் அமைகின்றன. முழு கிரகணம் மிக அரிது என்று நாம் நினைப்பதற்குக் காரணம் அதன் பாதை குறுகலாக இருப்பதே. ஒரு குறிப்பிட்ட ஊருக்கு அது சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வாய்க்கிறது.

முதல் படி: உங்கள் ஊரையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

நாசா வெளியிடும் பாதை வரைபடங்களும், கொல்கத்தாவிலுள்ள நிலையியல் வானியல் மையம் இந்திய நகரங்களுக்கென்று தரும் நேரப் பட்டியலும் இதற்குப் போதுமானவை. உலகப் பட்டியல்களில் நேரம் பொதுவாகச் சர்வதேச நேரமாக இருக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம் இருந்தால் ஸ்பரிசம், மத்திமம், மோட்சம் என்று மூன்று நேரங்கள் கொடுக்கப்பட்டிருக்கும். நிலவு சூரியனைத் தொடுவது, மறைப்பு உச்சம் பெறுவது, முற்றிலும் விலகுவது என்பன அவை. எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டது என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்திகளில் வரும் விழுக்காட்டில் ஒரு குழப்பம் உண்டு. விட்டத்தில் எத்தனை பங்கு மறைகிறது என்பதும், பரப்பில் எத்தனை பங்கு மறைகிறது என்பதும் வெவ்வேறு எண்கள். விட்டத்தில் பாதி மறைந்தால் பரப்பில் மறைவது 39 விழுக்காடு மட்டுமே. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரே ஊருக்கு இரண்டு நாளிதழ்களில் இரண்டு எண்களைப் பார்க்கிறோம்.

வரவிருப்பவற்றில் நமக்கு முக்கியமானவற்றைச் சொல்கிறேன். 2026 ஆகஸ்ட் 12 அன்று கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாகச் செல்லும் முழு கிரகணம் இந்தியாவில் தெரியாது. 2027 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் தென்முனை, வட ஆப்பிரிக்கா, சவூதி அரேபியா, ஏமன் வழியாக ஒரு முழு கிரகணம் செல்கிறது. எகிப்தின் லக்சர் அருகே அதன் முழு மறைப்பு அதிகபட்சமாக 6 நிமிடம் 23 நொடி நீடிக்கும். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் அது அன்று மாலையில் பகுதி கிரகணமாகத் தெரியும். 2031 மே 21 அன்று வரும் வளைய கிரகணம் கேரளத்தைக் கடந்து தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாக யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் செல்கிறது. அதன் உச்ச நேரமான 5 நிமிடம் 26 நொடி அமையும் இடம் மினிக்காய்த் தீவுக்கு மேற்கே உள்ள கடல் என்பதால், பாதையின் நடுவில் நிற்கும் நம்மவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு நேரம் கிடைக்கும். 2034 மார்ச் 20 அன்று மாலையில் கார்கில், லே வட்டாரங்களில் முழு கிரகணம் தெரியும்.

இரண்டாம் படி: கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணின் விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. சூரிய ஒளி அதைச் சுடும்போது எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி விழுந்த பிறகுதான் உணர்வோம். எனவே "கண் கூசவில்லை, ஆகவே பரவாயில்லை" என்ற கணிப்பை நம்பக் கூடாது.

ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக் குறியீடு அச்சிடப்பட்ட கிரகணக் கண்ணாடியே பாதுகாப்பானது. குறியீட்டை யாரும் அச்சடித்துவிடலாம் என்பதால், அதை வானியல் அமைப்புகள், கோளரங்கங்கள், அறிவியல் இயக்கங்கள் வழியாக வாங்குவது நல்லது. கையில் வந்ததும் சோதித்துப் பாருங்கள்: வீட்டுக்குள் அதை அணிந்தால் சாதாரண விளக்குகள் எதுவும் தெரியக் கூடாது, வெளியே வந்து பார்த்தால் சூரியன் மட்டும் கூசாத சிறு வட்டமாகத் தெரிய வேண்டும். கீறலோ ஊசிமுனை அளவு ஓட்டையோ மடிப்போ இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் கொண்டதே வேண்டும். பட்டறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் 10, 11 எண் கண்ணாடிகள் போதா.

கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகைக்கரி படிய வைத்த கண்ணாடித் துண்டு, குறுந்தகடு, தட்டில் ஊற்றிய மஞ்சள் நீர், வாளியில் கரைத்த சாண நீர் ஆகிய அனைத்தையும் ஒதுக்கிவிடுங்கள். இவை ஒளியை மங்கலாக்கிக் காட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒளி மங்கியதும் கண்மணி விரிந்துகொள்வதால் தீங்கு கூடவும் வாய்ப்பு உண்டு. தாத்தா பாட்டி காலத்தில் சாண நீரில்தானே பார்த்தார்கள் என்று கேட்பவர்களிடம், அவர்கள் ஓரிரு கணம் எட்டிப் பார்த்தார்கள், நீங்களோ இரண்டு மணி நேரம் பார்க்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அணியும் முறையும் முக்கியம். தரையைப் பார்த்தபடி கண்ணாடியை அணிந்த பிறகே தலையை நிமிர்த்த வேண்டும்; மீண்டும் தலையைக் குனிந்த பிறகே கழற்ற வேண்டும். பார்வைக்கு மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே கிரகணக் கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் முகத்தில் அட்டைக் கண்ணாடி நழுவும் என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கண்ணாடி இல்லாமலும் பார்க்கும் வழி

சூரியனைப் பார்க்காமல் அதன் பிம்பத்தைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பான முறை. பத்துப் பேர் சேர்ந்து பார்க்கவும் இதுவே வசதி. அட்டையில் ஓர் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். துளைக்கும் தாளுக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தால் சூரிய பிம்பம் சுமார் 9 மில்லிமீட்டர் வரும். இரண்டு மீட்டர் இருந்தால் அதன் இரு மடங்கு. பலர் துளையைப் பெரிதாக்கினால் பிம்பம் பெரிதாகும் என்று நினைக்கிறார்கள். அப்போது பிம்பம் மங்கலாகுமே தவிரப் பெரிதாகாது. இடைவெளிதான் கூட வேண்டும்.

சமையலறையிலேயே இதற்கான கருவிகள் இருக்கின்றன. இட்லித் தட்டையோ பூந்திக் கரண்டியையோ வெயிலில் பிடித்துப் பாருங்கள். கிரகணம் பிடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, ஒவ்வொரு துளையின் வெளிச்சமும் தரையில் சின்னஞ்சிறு பிறையாக விழும். புளிய மர நிழலிலும் வேப்ப மர நிழலிலும் இலைகளுக்கு இடைப்பட்ட சந்துகளே துளைகளாகித் தரையெங்கும் பிறைகள் சிதறிக் கிடக்கும். வளைய கிரகணத்தின் உச்சத்தில் அந்தப் பிறைகள் அனைத்தும் ஒருசேர வளையங்களாக மாறுவதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது கண்ணாடிப் பிம்ப முறையை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை விட்டு, வெளியே வெயிலில் வைத்து, ஒளியைக் கதவு வழியாக இருட்டறையின் எதிர்ச் சுவரில் விழச் செய்ய வேண்டும். கண்ணாடிக்கும் சுவருக்கும் 20 மீட்டர் இருந்தால் பிம்பத்தின் அகலம் 18 சென்டிமீட்டரைத் தாண்டும். வகுப்பு முழுவதும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சூரியன் நகர்வதால் கண்ணாடியைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை சிறிது திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு மாணவரை வெளியே நிறுத்துங்கள், எதிரொளி யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுமாறும் சொல்லிவையுங்கள்.

நான்காம் படி: வகைக்கு ஏற்பப் பாருங்கள்

பகுதி கிரகணம். தொடக்கம் முதல் இறுதி வரை கண்ணாடி கட்டாயம். நிலவு மேற்கிலிருந்து கிழக்காகச் சூரியனைக் கடப்பதால் முதல் மறைப்பு சூரியனின் மேற்கு விளிம்பில் விழும். காலை நேரக் கிரகணத்தில் நமக்கு அது மேல்பக்கமாகவும் மாலை நேரக் கிரகணத்தில் கீழ்ப்பக்கமாகவும் தோன்றும். பாதி மறையும் வரை வெயிலில் மாற்றம் தெரியாது. முக்கால் பங்குக்கு மேல் மறைந்தால்தான் வெளிச்சம் மெலிந்து, நிழல்களின் ஓரங்கள் கூர்மையாகும். சூரியனில் கரும்புள்ளிகள் இருந்தால் அவற்றை நிலவு ஒவ்வொன்றாக விழுங்குவதைப் பார்ப்பது சுவையானது.

வளைய கிரகணம். இதில்தான் மிகுதியானோர் ஏமாறுகிறார்கள். வளையம் உருவாகும் தருணம் முழு கிரகணத்துக்கு இணையானது என்று எண்ணிக் கண்ணாடியைக் கழற்றுவது ஆபத்து. 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி, இராமேசுவரம் வட்டாரங்களில் தெரிந்த வளைய கிரகணத்தில் சூரியப் பரப்பின் 16 விழுக்காடு எஞ்சியிருந்தது. 2019-இல்கூட 6 விழுக்காடு எஞ்சியிருந்தது. சூரியனைச் சுற்றியுள்ள ஒளிமகுடம் சூரியப் பரப்பைவிடப் பத்து இலட்சம் மடங்கு மங்கலானது. ஆகவே ஒரு விழுக்காடு சூரியன் எஞ்சினாலும் அது ஒளிமகுடத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசமாக இருக்கும். வளைய கிரகணத்தில் கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொல்லத்தக்க நொடி ஒன்றுகூட இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் வளையம் மூடும் நொடியும் பிரியும் நொடியும்தான். பிறையின் இரு முனைகளும் வளைந்து வந்து ஒன்றையொன்று தொடுவதற்குச் சற்று முன்னர், நிலவின் மலைகளுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் வழியாக ஒளி துண்டு துண்டாகக் கசியும். அறுந்த மணிமாலையை மீண்டும் கோத்ததுபோல் அந்தத் துண்டுகள் சேர்ந்து வளையம் முழுமையாகும். இவற்றைப் பெய்லி மணிகள் என்பர். 1836-இல் பிரான்சிஸ் பெய்லி இவற்றை விவரித்தது ஸ்காட்லாந்தில் தெரிந்த ஒரு வளைய கிரகணத்தின்போதுதான். பாதையின் நடுக்கோட்டில் நிற்பவருக்கு வளையம் சமச்சீராகவும் நெடுநேரமும் தெரியும், ஆனால் மணிகள் சில நொடிகளில் கரைந்துவிடும். பாதையின் ஓரத்தில் நிற்பவருக்கு வளையம் சிறிது நேரமே, அதுவும் ஒரு பக்கம் மெலிந்து. ஆனால் மணிகள் விளிம்பு நெடுகிலும் ஓடிக்கொண்டிருக்கும். முதன்முறை பார்ப்பவர் நடுக்கோட்டுக்குப் போகட்டும். ஏற்கெனவே ஒரு வளையத்தைப் பார்த்தவர் 2031-இல் துணிந்து ஓரத்துக்குப் போகலாம் என்பது என் கருத்து.

முழு கிரகணம். இதற்கு மட்டுமே விதி மாறுகிறது. முதல் தொடுகையிலிருந்து முழு மறைப்பு வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதுவரை கண்ணாடி வேண்டும். கடைசி ஐந்து நிமிடங்களில் கண்ணாடியை விட்டுத் தலையைத் திருப்பிச் சுற்றுப்புறத்தைப் பாருங்கள்: மேற்கு வானம் மழை வரும் முன்பு இருப்பதுபோல் கறுத்துக்கொண்டு நெருங்கும், பறவைகள் கூட்டுக்குத் திரும்பும், காற்று குளிரும். வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து வைத்திருந்தால் அதன்மேல் மெல்லிய நிழல் அலைகள் ஓடுவதும் சில வேளைகளில் தெரியும். பின்னர்க் கண்ணாடி வழியே பாருங்கள். கடைசி ஒளித்துளியும் அணைந்து, கண்ணாடி வழியே எதுவுமே தெரியாமல் போனதும் அதைக் கழற்றலாம்.

இப்போது கறுத்த நிலவு வட்டத்தைச் சுற்றி முத்து வெண்மையில் ஒளிமகுடம் விரிந்திருக்கும். அதன் மொத்தப் பிரகாசம் முழுநிலவுக்கு ஒப்பானது என்பதால் வெறும் கண்ணால் பார்ப்பதில் தீங்கு இல்லை. மாறாக, இப்போதும் கண்ணாடி அணிந்திருப்பவர் எதையும் பார்க்காமலே போய்விடுவார். விளிம்பில் இளஞ்சிவப்பு நிறத்தில் சூரியச் சுவாலைகள் நீண்டிருக்கும். 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சன் இந்தச் சுவாலைகளின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தபோதுதான், பின்னர் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் மஞ்சள் கோடு பதிவானது. அவரே 1871 டிசம்பர் 12 அன்று நீலகிரி மலையிலிருந்து இன்னொரு முழு கிரகணத்தைக் கண்டார். கண்ணால் பார்ப்பவர் நாற்புறத் தொடுவானத்தையும் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லாத் திசைகளிலும் அந்தி நிறம் பரவியிருக்கும். வெள்ளி கோள் எளிதாகத் தெரியும்.

முழு மறைப்பு முடியும் நேரத்தைக் கைபேசியில் மணியாக வைத்துக்கொள்ளுங்கள். நிலவின் ஓரத்தில் வைர மோதிரம்போல் முதல் ஒளி வெடித்தவுடன் பார்வையை விலக்கி, மீண்டும் கண்ணாடி அணிய வேண்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நடுக்கோட்டுக்கும் பாதையின் எல்லைக்கும் நடுவில் பாதித் தூரத்தில் நின்றாலும், நடுக்கோட்டில் கிடைக்கும் நேரத்தில் 87 விழுக்காடு கிடைத்துவிடும். எல்லையை நெருங்கும்போதுதான் நேரம் சரசரவென்று குறைகிறது. ஆகவே நடுக்கோட்டில்தான் நிற்பேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், பாதைக்குள் எங்கே வானம் தெளிவாக இருக்கும் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். 2009 ஜூலை 22 முழு கிரகணம் சூரத் முதல் பாட்னா வரை கடந்தது பருவமழைக் காலத்தில். பீகாரின் தாரேக்னாவில் திரண்ட பெருங்கூட்டத்துக்கு மேகமே மிஞ்சியது. 2027-இல் லக்சரை நாடி உலகமே திரள்வதும் இதனால்தான்: ஆகஸ்டில் அங்கே மேகம் அரிது, வெயில் மட்டும் 40 பாகையைத் தாண்டும். 2009-உம் 2027-உம் 18 ஆண்டு 11 நாள் இடைவெளியில் வரும் ஒரே குடும்பத்துக் கிரகணங்கள். 1955 ஜூன் 20 அன்று இலங்கையின் பொலன்னறுவை வட்டாரத்தைக் கடந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

கலப்பு கிரகணம். நிற்கும் இடத்தில் அது வளையமா முழுமையா என்று பார்த்து, மேலே சொன்ன இரண்டு முறைகளில் ஒன்றைப் பின்பற்றினால் போதும். 2023 ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் நகரில் இருந்தவர்களுக்கு அது ஏறத்தாழ ஒரு நிமிட முழு கிரகணமாக அமைந்தது.

ஐந்தாம் படி: தொலைநோக்கியும் படப்பிடிப்பும்

இரட்டைக்கண் நோக்கி, தொலைநோக்கி, கேமரா ஆகியவற்றுக்கு வடிகட்டியை ஒளி நுழையும் முன்புறத்தில் பொருத்த வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் பொருத்தும் சிறு வடிகட்டி வெப்பத்தில் வெடித்துவிடக் கூடியது. கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு இரட்டைக்கண் நோக்கி வழியே பார்ப்பது இதைவிட மோசம்: குவிந்து வரும் ஒளி அந்த மெல்லிய படலத்தைப் பொசுக்கிக் கண்ணைத் தாக்கும். கைபேசியில் எடுக்க விரும்புவோர் பழைய கிரகணக் கண்ணாடியின் படலத்தை அதன் லென்சுக்கு முன்னால் ஒட்டி எடுக்கலாம். படம் சிறியதாகத்தான் வரும். முழு கிரகணத்தின்போது கேமராவின் வடிகட்டியை நீக்க வேண்டும், இல்லையேல் படம் வெறும் கறுப்பு. முதல் முழு கிரகணத்தில் கேமராவைத் தொடாமல் இருப்பதே மேல். இரண்டு நிமிடத்தை அமைப்புகளைத் திருத்துவதிலேயே தொலைத்தவர்கள் ஏராளம்.

கிரகணம் விட்ட பிறகு

கண்ணாடியை உறையிலிட்டுத் தட்டையாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது மீண்டும் விளக்கொளியில் சோதித்த பின்னரே பயன்படுத்துங்கள். பார்த்தவர்களில் யாருக்கேனும் அன்று மாலையோ மறுநாளோ எழுத்துகள் நெளிந்து தெரிந்தாலோ, பார்வையின் நடுவில் புள்ளி நின்றாலோ, நிறங்கள் மங்கினாலோ, வீட்டு மருத்துவம் எதுவும் பார்க்காமல் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எப்போது, எவ்வளவு நேரம், எதன் வழியே சூரியனைப் பார்த்தார் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.